இருநூற்று முப்பது வாட்

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
ஜன்னலின் உட்புறம் பனி பூத்திருக்கிறது.
என் மடியில்
தொண்ணூற்றாறு டிகிரிச் சூட்டில்
மூச்சிரைக்கிறது மடிக்கணினி.

பாலம் வந்தால் செத்துவிடும்.
எப்போதும் அந்தப் பாலம்தான்.
தீப்பந்தங்கள், ஆற்றில் அவற்றின் நடுக்கம்,
மழை, மழையில் மினுங்கும் கவசங்கள்,
நாற்பது வில்லாளிகள் ஒரே நொடியில் நாணிழுக்க
பட்டென்று
கறுப்பு.
திரையில் மிஞ்சுவது என் முகம்,
வாய் பிளந்தபடி.

சின்ஸோரிக் கோபியில் இருக்கிறான்,
சுரங்க விடுதியில், நான்கு பேர் அறையில்.
பதினான்கு நாள் வேலை, பதினான்கு நாள் வீடு
என்றுதான் கையெழுத்துப் போட்டான்.
இன்று இருபத்தோராம் நாள்.
நாங்கள் சந்தித்துக்கொள்வது அந்தப் பாலத்தில்.
அரை நிமிடத்தில் போன் அதிரும்:
"மறுபடியும் தனியா விட்டுட்டுப் போயிட்ட.
வெட்டிப் போட்டுட்டாங்க."

நான் பல் செட் செய்கிறவள்.
எங்கள் குடியிருப்பில் பாதிப் பேர்
என் பற்களால்தான் மெல்கிறார்கள்.
பொடித் திருகாணி எனக்குப் புதிதில்லை.
ஞாயிற்றுக்கிழமை அடிமூடியைக் கழற்றினேன்.
விசிறிக்குள் உலான்பாத்தரின் கரிப்புகை
பூனை முடியோடு பின்னிக் கம்பளமாகியிருந்தது.
மெழுகு சுரண்டும் கத்தியால் சுரண்டி,
பட்டாணி அளவு புதுப் பசை வைத்து
மூடினேன்.
சூடு எண்பத்தொன்றுக்கு இறங்கியது.
பாலத்தில் செத்தது.

டிரைவரைப் புதுப்பித்தேன். செத்தது.
பழைய டிரைவருக்கே திரும்பினேன். செத்தது.
விடியவிடிய நினைவகச் சோதனை,
பிழை பூஜ்யம்.
பால்கனிக் கதவைத் திறந்துபோட்டுக்
கையுறையோடு ஆடிப் பார்த்தேன்.
பூனை கோபித்துக்கொண்டு அலமாரிக்குள் போனது.
கணினி பாலம்வரை போனது.

நிகழ்வுப் பதிவேட்டில்
ஒரே வாக்கியம், பதினேழு தடவை:
"முறையாக மூடப்படாமல் நின்றுவிட்டது."
அதுதான் எனக்கே தெரியுமே.
செத்தவன் தானே எழுதிய மரணச் சான்றிதழ்,
காரணம் என்ற கட்டம் மட்டும் காலி.

நேற்றுத்தான், தற்செயலாக,
மூலையில் இருந்த சின்னப் படத்தைப் பார்த்தேன்.
மின்கம்பி செருகியிருக்கிறது.
செருகியிருக்கும்போதே
பேட்டரி அறுபதிலிருந்து ஐம்பத்தைந்துக்கு
நழுவிக்கொண்டிருக்கிறது.

கட்டிலுக்கடியில் தூசி தின்றுகொண்டு கிடந்த
அடாப்டரைப் புரட்டினேன்.
நூற்றிருபது வாட்.
கணினியின் வயிற்றில் அச்சிட்டிருப்பதோ
இருநூற்று முப்பது.

யானைப் பசிக்குச் சோளப்பொரி.

மழை பெய்யும்போதெல்லாம்,
நாற்பது வில் வளையும்போதெல்லாம்
மிச்சத்தைக் கிழட்டு பேட்டரியிடம்
கடன் கேட்டிருக்கிறது.
அதுவும் கைவிரித்த கணத்தில்
கறுப்பு.
நோயே இல்லை. பட்டினி.
நான் அதை அறுத்துப் பார்த்திருக்கிறேன்,
குளிரில் நிறுத்தியிருக்கிறேன்,
ஒரு தடவை அறைந்தும் இருக்கிறேன்.
வலிக்கிற பல் ஒன்று, சொத்தைப் பல் வேறொன்று:
தினம் கேட்கிற கதை,
என் வீட்டில் மறந்துபோனது.

விற்ற ஓட்கோன்பிலெக் போனை எடுக்கவில்லை.
"ஒரிஜினல் அக்கா, கையே படலை" என்றவன்.
சரியான அடாப்டருக்கு
பாதிச் சம்பளம் போகும்.
பதினைந்தாம் தேதிவரை
பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இன்றிரவு
நிழல்களை அணைத்தேன்.
ஆற்றின் பளபளப்பை அணைத்தேன்.
மழையையும்.
நொடிக்கு முப்பது ஃபிரேம், அதற்குமேல் ஒன்றுகூட இல்லை.
உலகம் களிமண்ணில் பிடித்ததுபோல் ஆனது.
வில்லாளிகள் நாணிழுத்தார்கள்.
நான் இருந்தேன்.

பாலத்தின் அந்தப் பக்கம்
இருவருமே பார்த்திராத ஒரு மேடு.
"இங்க கொட்டோ கொட்டுன்னு கொட்டுது," என்கிறான்
காதுக்குள். "உனக்கு?"

எனக்கு இல்லை என்றேன்.

தொப்பலாக நின்றவன் பக்கத்தில்
ஒரு துளியும் படாமல் போய் நின்றேன்.
பேட்டரி, ஐம்பத்து மூன்று.